கேன் முதல் எஞ்சின் வரை

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது. பேசினபடியே எழுதித் தரச் சொன்னார்கள். சில இடங்களில் சேர்த்திருக்கிறேன்.)



போன வாரம் செயலாளர் அக்கா போன் பண்ணி, "உங்க குழு எண்ணெய் விஷயத்தில் என்ன செஞ்சீங்களோ அதைப் பத்து நிமிஷம் சொல்லு மக்கா" என்றார். பத்து நிமிஷத்தில் முடியாது என்று அப்போதே சொல்லிட்டேன். தோட்டத்துப் பக்கத்திலிருந்தும் முந்திரி ஆலைப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிற அக்காமாருக்கு இது கடப்புறத்துக் கதை, நமக்கென்ன என்று தோணலாம். மோட்டார் பம்ப்செட் வைத்திருக்கிற வீடு உங்களிலும் உண்டு. மருந்து அடிக்கிற எஞ்சின் வைத்திருக்கிறவங்களும் உண்டு. கொஞ்சம் கேளுங்க.

1980-களின் தொடக்கத்தில் முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்டத் தொடங்கினாங்க. அதுக்குப் பிறகு நம்ம மாவட்டத்துக் கடப்புறத்தில் கட்டுமரம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, பின்னால் எஞ்சின் மாட்டின வள்ளம் வந்தது. இப்போ எல்லாம் ஃபைபர். எங்க அப்பா காலத்தில் காத்து இல்லையென்றால் துடுப்பு. இன்றைக்கு எஞ்சின் நின்றால் அந்த வள்ளத்தை நாலு பேர் துடுப்புப் போட்டுக் கரை சேர்க்க முடியாது. அவ்வளவு கனம்.

எங்க எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. இழுத்து ஸ்டார்ட் பண்ணப் பெட்ரோல் வேணும். சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். நிறுத்துறதுக்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு மாத்தி, கார்புரேட்டரில் கிடக்கிற மண்ணெண்ணெய் தீருகிற வரை ஓடவிடணும். இல்லையென்றால் மறுநாள் காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். அரசு மானிய விலையில் தருகிற மண்ணெண்ணெய்தான் எங்களுக்கு ஆதாரம். வெளியில் வாங்கினால் மீன் விற்ற காசு எண்ணெய்க்கே சரியாகிவிடும்.

இந்த எண்ணெயை வாங்கப் போறது யார்? ஆம்பளைங்க ராத்திரி கடலில். பகலில் தூக்கம், இல்லை வலை நெசவு. அட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறதும், கேனை ஆட்டோவில் ஏத்தி வீட்டுக்குக் கொண்டுவருகிறதும், அடுப்பு இருக்கிற அதே வீட்டில் மூலையில் ஒதுக்கி வைக்கிறதும், சாயங்காலம் மண்ணில் இழுத்துக்கொண்டு கடப்புறத்தில் சேர்க்கிறதும் நாமதான். எங்க குழுவில் 12 பேர். அதில் ஆறு வீட்டில் வள்ளம் உண்டு. ஆறு வீட்டுக்கும் ஆறு பேர் தனித்தனியாகப் போய் ஒரு நாள் கூலியைக் கெடுக்கிறதற்குப் பதிலாக, முறை வைத்து இரண்டு பேர் போய் எல்லாருக்கும் எடுத்துவருகிறது என்று முடிவு பண்ணினோம். ஆட்டோ கூலியும் மிச்சம். நல்லாத்தான் போச்சு.

ஆனி மாசம். கச்சான் காத்து நேரம். நம்ம மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை. வள்ளத்துக்குத் தடை இல்லை. மீனுக்கு விலை கிடைக்கிற நேரமும் அதுதான், அலை எழும்பி அடிக்கிற நேரமும் அதுதான். எங்க வீட்டு வள்ளம் காலை எட்டு மணி போலத் திரும்பி வந்தது. நான் கரையில் கூடையோடு நிற்கிறேன். அலை மடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் வெளியே நின்று, நல்ல நேரம் பார்த்து எஞ்சினை முடுக்கி உள்ளே வந்தாங்க. நடுவில் வரும்போது சத்தம் மாறிச்சு. எஞ்சின் சத்தத்தை இருபது வருஷமாகக் கேட்கிறவளுக்கு அது தெரியும். ரெண்டு தடவை இருமின மாதிரி. அப்புறம் ஒன்றுமில்லை.

வள்ளம் குறுக்கே திரும்பிச்சு. அடுத்த அலை அதைக் கவிழ்த்துப் போட்டது.

எல்லாரும் கரைக்கு வந்துவிட்டாங்க. என் கொழுந்தனுக்குக் காறை எலும்பு முறிஞ்சது. வலை போச்சு. பிடிச்ச மீன் போச்சு. எஞ்சின் மண்ணும் உப்புத்தண்ணியுமாகக் கிடந்தது. அந்த எஞ்சின் எங்க குழுவின் வங்கிக் கடனில் வாங்கினது. அன்றைக்குப் பதினேழு தவணை பாக்கி.

சாயங்காலம் கடப்புறத்தில் பேச்சு வேற மாதிரி வந்தது. "பொம்பளைய கொண்டுவந்த எண்ணெய்ல தண்ணி." அந்த மாசம் வரிசையில் போய் எடுத்துவந்தது நானும் எங்க ஊக்குநர் அக்காவும். "ஏன், வர்ற வழியில வித்துட்டுத் தண்ணி ஊத்தியிருப்பாளுவ" என்று ஒருத்தர் சொன்னதும் என் காதில் விழுந்தது. அவர் பெயர் இங்கே வேண்டாம். இன்றைக்கு அவர் வீட்டு எண்ணெயையும் நாங்கதான் எடுக்கிறோம்.

ராத்திரி தூக்கம் வரலை. தண்ணி ஊத்தலை என்று எனக்குத் தெரியும். ஆனால் தண்ணி இல்லை என்று எனக்குத் தெரியுமா? தெரியாது. இந்த ரெண்டும் வேற வேற.

காலையில் எழுந்து, மீதி எண்ணெய் கிடந்த என் கேனிலிருந்து அடி எண்ணெயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்தேன். மகளுடைய பேனா மைப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். மை எண்ணெயில் கரையாது. உருண்டையாகவே கீழே இறங்கும். அடியில் தண்ணி இருந்தால் அங்கே போய்ப் பரவும். என் பாட்டிலில் அடியில் ரெண்டு விரல் உயரத்துக்கு நீலம் பரவிச்சு.

கை நடுங்கிச்சு. சும்மா சொல்லலை.

பிறகு மற்ற அஞ்சு வீட்டுக்கும் போய் அவங்க கேனிலிருந்தும் எடுத்துப் பார்த்தேன். அதே நாள், அதே இடத்தில் வாங்கின எண்ணெய். அஞ்சிலும் தண்ணி இல்லை. அப்படியென்றால் கொடுத்த இடத்திலும் தப்பில்லை, வழியிலும் தப்பில்லை. என் வீட்டில்தான். என் கேன் மூடியில் உள்ளே இருக்கவேண்டிய ரப்பர் வாஷர் எப்பவோ விழுந்துபோச்சு. வீட்டுக்குள் இடமில்லை என்று கேனைத் தாழ்வாரத்தில் வைத்திருந்தேன். மூணு நாள் மழை. ஓட்டிலிருந்து வடிகிற தண்ணி நேரே மூடி மேலே. மூடி மேலே குளம் மாதிரி நிற்கும், அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும்.

நான் டேங்கில் ஊத்தும்போது துணி வைத்துத்தான் வடிகட்டினேன். நம்ம அம்மாமார் காலத்திலிருந்து அப்படித்தான். துணி மண்ணைப் பிடிக்கும், துருவைப் பிடிக்கும். தண்ணியைப் பிடிக்காது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரலை. நானும் யோசிக்கலை.

சரி, தண்ணி இருந்தது. ராத்திரி முழுக்க ஓடின எஞ்சின் ஏன் கரைக்கு வந்து நிற்கணும்? இதை மெக்கானிக் அண்ணன்தான் விளக்கினார். எண்ணெயை விடத் தண்ணி கனம். டேங்கின் அடியில் போய்க் கிடக்கும். உறிஞ்சுகிற குழாய் அடியைத் தொடாமல் கொஞ்சம் மேலே நிற்கும். டேங்க் நிறைய எண்ணெய் இருந்து, கடலும் அடங்கி இருந்தால், தண்ணி அது பாட்டுக்குக் கிடக்கும். திரும்பி வரும்போது எண்ணெய் குறைந்திருக்கும். அலையில் வள்ளம் எகிறிக் குதிக்கும்போது டேங்க் குலுங்கும். அடியில் கிடந்தது கலங்கி மேலே வரும். உறிஞ்சு குழாய் அதை எடுக்கும். நம்ம தாழ்வாரத்தில் நடந்த தப்பு, அலை மடங்குகிற இடத்தில் வந்துதான் முகம் காட்டுகிறது.

அதோடு நின்றிருந்தால் பழி முழுக்க எனக்கு. அந்த அண்ணன் ஓஸையும் கழற்றிப் பார்த்தார். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஓஸின் நடுவில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும், பல்ப் என்பாங்க. அதை அமுக்கி அமுக்கித்தான் முதலில் எண்ணெயை எஞ்சினுக்கு ஏத்தணும். டேங்கிலிருந்து பல்ப் வரைக்குமான துண்டை ஒரு பக்கம் அடைச்சு, வாளித் தண்ணிக்குள் முக்கி, சைக்கிள் பம்பால் காத்து அடிச்சார். பஞ்சர் கடையில் டியூபைப் பார்க்கிற மாதிரி. மூணு இடத்தில் குமிழி வந்தது. ஓஸ் முனையில் கிளிப் போடாமல் எங்க வீட்டு ஆளு தங்கூசி நரம்பால் இறுக்கிக் கட்டியிருந்தாங்க. அது ரப்பரை அறுத்துவிட்டது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. அந்த ஓட்டை வழியே எண்ணெய் ஒரு சொட்டுகூட வெளியே வராது. எஞ்சின் உறிஞ்சுகிற பக்கம் அது. அதனால் காத்து உள்ளே போகும். வெளியே ஈரமே இருக்காது. ஒழுகலையே, நல்லாத்தானே இருக்கு என்று நினைப்போம். எண்ணெயோடு காத்தும் போனால் எஞ்சின் பசியில் திணறும். அதுக்கு மேலே தண்ணியும் வந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆக, பாதி என்னுது, பாதி அவங்களுது. இதை வீட்டில் சொன்னேன். எங்க வீட்டு ஆளு ஒன்றும் பேசலை. மறுநாள் தங்கூசி நரம்பு எல்லாத்தையும் அறுத்து எறிஞ்சாங்க.

குழுக் கூட்டத்தில் சொல்றதுதான் கஷ்டமாக இருந்தது. பாட்டிலைக் கொண்டுபோய் நடுவில் வைத்து, "இது என் கேன்" என்றேன். ஊக்குநர் அக்கா மேல் வந்த பழியை இறக்க வேறு வழி எனக்குத் தெரியலை. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. இனிமேல் சேர்ந்து எண்ணெய் எடுக்க வேண்டாம், அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்கு என்று ரெண்டு பேர் சொன்னாங்க. அது நியாயம்தான். ஆனால் எங்க குழுவில் மூத்த அக்கா ஒருத்தர், 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயலில் மகனைக் கடலுக்குக் கொடுத்தவர், சொன்னார்: "எண்ணெய் எடுக்கப் போறதை நிறுத்தினா தண்ணி போயிருமா? எங்க தண்ணி சேருதுன்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. அதைப் பாருங்க மக்கா."

அன்றைக்கு ஆரம்பிச்சதைத்தான் இப்போ எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போறாங்க. பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஆளுக்கு 500 ரூபாய் போட்டு 6,000 ரூபாய். அதில் கேன் மூடிக்கு வாஷர், இறைக்கிற கைப்பம்ப் ரெண்டு, ஓஸ் ஒரு சுருள், கிளிப், பல்ப், தண்ணி பிரிக்கிற ஃபில்டர் என்று முடிந்த அளவு வாங்கினோம். ஃபில்டர் ஆறு வள்ளத்துக்கும் ஒரே தடவையில் வாங்க முடியலை. சீட்டுக் குலுக்கி ரெண்டு ரெண்டாக மாட்டினோம்.

கேன் எல்லாத்துக்கும் பெயின்டில் நம்பர் போட்டோம். ஒரு வீட்டுக் கேன் இன்னொரு வீட்டுக்குப் போகாது. தப்பு வந்தால் எங்கே வந்தது என்று அன்றே தெரியும். வாங்கிவந்த எண்ணெயை அன்றே ஊத்துறதில்லை. ஒரு ராத்திரி ஒரு பக்கமாகச் சாய்த்து, செங்கல் அண்டை கொடுத்து வைக்கிறோம். தண்ணி இருந்தால் தாழ்ந்த மூலையில் சேரும். கைப்பம்ப் குழாயை மேலேயே நிறுத்தி, கீழே நாலு விரல் விட்டுவிட்டு எடுக்கிறோம். அந்த மிச்சத்தைப் பாட்டிலில் சேர்த்து மைச் சொட்டு விட்டுப் பார்ப்போம். முன்னெல்லாம் டியூபை வாயில் வைத்து உறிஞ்சித்தான் இறக்குவோம். அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீங்க. மண்ணெண்ணெய் நெஞ்சுக்குள் போனால் நுரையீரலைக் கெடுத்துவிடும். பிள்ளைகளைக் கொண்டு உறிஞ்ச வைக்கிற வீடும் இருக்கு. எனக்குத் தெரியும்.

கேன் கழுவினால் வெயிலில் கவிழ்த்து நன்றாகக் காயவிடணும். நம்ம கை பாத்திரம் கழுவிப் பழகின கை. கழுவினால்தான் சுத்தம் என்று நினைக்கும். எண்ணெய்க் கேனுக்கு அது எதிரி.

பெட்ரோல் கதை வேற. இப்போ வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணியை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவுக்கு மேலே போனால் ரெண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய ரப்பர் ஓஸையும் அது கெடுக்கும் என்று மெக்கானிக் சொல்றார். அதனால் பெட்ரோலைக் கொஞ்சமாக வாங்கி அந்தந்த வாரமே தீர்த்துவிடுகிறோம். அடுப்பு இருக்கிற வீட்டில் அதை வைக்கிறதை நிறுத்திட்டோம். பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், தரையோடு தரையாக ஊர்ந்து வரும். அடுப்படிக்கு அது எப்போ வந்து சேர்ந்தது என்று தெரியவே தெரியாது. எங்க குழுவில் ஒருத்தர் வீட்டுப் பின்னால் தனியாக ஒரு சின்ன அறை கிடந்தது. அங்கே பூட்டி வைக்கிறோம். சாவி முறை வைத்து.

எஞ்சின் ஆயில் கலக்கிறதிலும் தகராறு இருந்தது. கண்ணளவில் ஊத்துவாங்க. கூடினால் புகையும் பிளக்கில் கரியும், குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எஞ்சினோடு வந்த புத்தகத்தை என் மகள் படித்து, எங்க கேன் அளவுக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டு, அளவுக் குவளையில் கோடு கிழித்துவிட்டாள். எஞ்சினுக்கு எஞ்சின் அளவு மாறும். எங்க கோட்டைப் பார்த்து நீங்க ஊத்தாதீங்க.

வள்ளத்துக்குள் நடக்கிறதை ஆம்பளைங்களிடம் எப்படிச் சொல்றது? அதுதான் பெரிய பாடு. நாங்க சொன்னால் கேட்கமாட்டாங்க என்று மெக்கானிக் அண்ணனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்புறத்துக்கு வரவழைத்தோம். டீ, பருப்பு வடை எங்க செலவு. அவர் வாயால் சொல்ல வைத்தோம். டேங்க் மூடியில் காத்துத் திருகு ஒன்று இருக்கும். கரையில் மூடணும், கடலில் திறக்கணும். திறக்க மறந்தால் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடி, எண்ணெய் வராமல் நின்றுவிடும். பல்ப் சப்பிப்போய்க் கிடக்கும். பல்ப் சப்பியிருந்தால் டேங்க் பக்கம் அடைப்பு, எவ்வளவு அமுக்கினாலும் இறுகவே இல்லையென்றால் காத்துப் போகிறது. இருட்டில் டார்ச் இல்லாமலே கையால் தொட்டுக் கண்டுபிடிக்கலாம். பல்பில் போட்டிருக்கிற அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கணும். ஒரு வள்ளத்தில் அது தலைகீழாக மாட்டியிருந்தது. அவங்க ஒரு வாரமாக எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தாங்க.

இன்னொன்று, கரைக்கு வரும்போது அலைக்கு வெளியே நின்றே பெட்ரோலுக்கு மாத்தி, ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டிப் பார்த்து, சத்தம் சரியாக இருந்தால் மட்டும் உள்ளே வரணும். அந்த ரெண்டு நிமிஷப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான் அன்றைக்கு எங்க வீட்டு வள்ளம் அப்படியே உள்ளே வந்தது.

எண்ணெய் அளவையும் மூணு பங்காகப் பிரித்திருக்கிறோம். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மூணாவது பங்கு தொடக்கூடாது. அந்த மூணாவது பங்கு தனிக் கேன், சிவப்பு மூடி. மீன் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்று தெரிந்தால் அந்தக் கேன் மேல் கை போகத்தான் செய்யும். கரைக்கு வந்ததும் சிவப்பு மூடிக் கேனை நாங்க தூக்கிப் பார்ப்போம். கனம் குறைந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் சண்டை. எங்க ஊரில் இது இப்போ எல்லாருக்கும் தெரிந்த சண்டை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல நான் வரலை. போன தை மாசம் ஒரு வள்ளம் நடுக்கடலில் நின்றது. காத்துத் திருகைத் திறக்க மறந்துட்டாங்க. பல்பைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து அஞ்சு நிமிஷத்தில் திரும்ப ஓட்டினாங்க, அவ்வளவுதான். என் கொழுந்தனுக்குக் கை இன்னும் தோளுக்கு மேலே தூக்க வராது. வலை இழுக்கப் போறதில்லை. எங்க சாமான் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறது இப்போ அவர்தான். ஓஸ் வெட்டி, கிளிப் போட்டுக் கொடுத்தால் சின்னக் கூலி. எஞ்சின் கடனில் இன்னும் நாலு தவணை இருக்கு. ஒரு மாசமும் தவறவிடலை. அந்த ஆனி மாசத் தவணையைக் குழுவின் உள்கடனில் எடுத்துத்தான் கட்டினேன். அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட 11 பேரும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்காங்க.

பக்கத்து ஊர்க் குழுக்கள் ரெண்டு கேட்டிருக்காங்க, நாங்களும் செய்யலாமா என்று. கூட்டமைப்பு ஓஸும் பல்பும் ஃபில்டரும் மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் விலை குறையும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். தலைவி அக்கா பார்க்கணும்.

மேடைக்குக் கீழே அந்த மேசையில் ஒரு டேங்க், ஓஸ், பல்ப், ஒரு மைப் புட்டி எல்லாம் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் வாங்க, பல்பை அமுக்கிப் பாருங்க. இறுகினது எப்படி இருக்கும், காத்துப் போனது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியட்டும். டேங்கில் எண்ணெய் இல்லை, தண்ணிதான் ஊத்தி வைத்திருக்கேன். புடவையில் பட்டாலும் நாறாது.